ஸ்டூடியோ கணினிக்கு எவ்வளவு ரேம்?

நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் சர்வீஸுக்கு வந்தால் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "போட்டோஷாப் ரொம்ப இழுக்குதுங்க, ரேம் ஏத்திடலாமா?" கேட்கும்போதே பணத்தை எண்ண ஆரம்பித்திருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பேன். வேலை நடக்கும்போது கணினி தகவலை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்தான் ரேம். 2025 பிற்பகுதியிலிருந்து அதன் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்று தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பியதால் நம் மாதிரி ஆட்களுக்கு வருவது குறைந்துவிட்டது. இந்த விலையில் குத்துமதிப்பாக வாங்குவது வீண்செலவு.

முதலில் ஒரு கணக்கு. கல்யாண ஆல்பத்தில் 12க்கு 36 அங்குல ஷீட் எல்லோருக்கும் தெரியும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 3,600க்கு 10,800 புள்ளிகள், ஏறக்குறைய 3 கோடியே 89 லட்சம் பிக்சல். 8 பிட் நிறத்தில் ஒரு பிக்சலுக்கு 3 பைட். ஆக, ஷீட்டை முழுசாக நிரப்பும் ஒரே ஒரு லேயர் (படத்தின் மேல் அடுக்கும் ஒரு அடுக்கு) சுமார் 117 எம்பி. 16 பிட்டில் வேலை செய்தால் அதுவே இரட்டிப்பு. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைப் படங்களில் வெள்ளை உடையின் மடிப்பு விவரம் போகக்கூடாது என்று 16 பிட்டில் திருத்துபவர்கள் இருக்கிறார்கள், நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்கு இடம் வேண்டும். பத்து முழு லேயர் போட்டாலே 8 பிட்டில் 1 ஜிபியைத் தாண்டிவிடும். இதற்கு மேல் ஹிஸ்டரி. வழக்கமான அமைப்பில் போட்டோஷாப் 50 படி பின்னால் போக வசதி வைத்திருக்கிறது, அந்தப் படிகளும் இடம் எடுக்கும்.

"ஃபைல் 15 எம்பிதானே இருக்கு" என்பார்கள். அது ஜேபெக்காகச் சுருக்கி வைத்த அளவு. திறந்ததும் விரிந்துவிடும். பக்கத்தில் நாலு ஷீட், பிரவுசரில் பாட்டு, வாட்ஸ்அப் வெப், எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபி மெஷின் திணறத்தான் செய்யும்.

திணறுகிறதா என்று ஊகிக்க வேண்டாம், போட்டோஷாப்பே சொல்லும். படத்தின் அடியில், இடது மூலையில் ஃபைல் அளவு காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டி 'எஃபிஷியன்ஸி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்களுடைய கனமான ஆல்பத்தைத் திறந்து, வழக்கம்போல அரைநாள் வேலை செய்யுங்கள். எண் 100லேயே நின்றால் ரேம் போதும், மந்தத்துக்குக் காரணம் வேறு. அடிக்கடி அதற்குக் கீழே இறங்கினால், இடம் போதாமல் ஸ்க்ராட்ச் டிஸ்கில் (ரேமுக்குப் பதில் பயன்படுத்தும் டிஸ்க் இடத்தில்) எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டாஸ்க் மேனேஜரில் மெமரி நிரம்பியிருப்பதை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒருதரம் எடுத்த ரேமை, படத்தை மூடிய பிறகும் போட்டோஷாப் கையிலேயே வைத்திருக்கும்.

ஃபோல்டரைத் திறந்தால் சிறுபடங்கள் வர நேரமாகிறதா? அது பழைய ஹார்டு டிஸ்கின் வேலை, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். லைட்ரூமில் படத்தின் இரைச்சலைக் குறைக்கும் ஏஐ டினாய்ஸ் நகரவில்லையா? அது கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்தது.

என் கருத்தைக் கேட்டால்: பறவைப் படம் எடுத்து ராவ் ஃபைலை (கேமரா பதியும் மூலப்படத்தை) திருத்துபவருக்கு 16 ஜிபி தாராளம். சோலைக்காட்டுக்குள் போய் ஈப்பிடிப்பான் எடுப்பவர்கள்தான் ஏனோ 64 கேட்கிறார்கள்! ஆல்பம் டிசைன் செய்பவருக்கு 32. தொட்டபெட்டா மேலிருந்து எடுத்த டஜன் ராவ் படங்களை ஒட்டிப் பெரிய பனோரமா செய்வதே தொழில் என்றால் மட்டும் 64.

எந்த ரேம் ஸ்டிக் வாங்குவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டிடிஆர்3, 4, 5 என்று ரேமில் தலைமுறைகள் உண்டு. மூன்றிலும் அடியில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. பிராசஸரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இன்டெல் 12லிருந்து 14ஆம் தலைமுறை வரை டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. மதர்போர்டு மாடலை எழுதிக்கொண்டு, அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்று தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். தப்பாக வாங்கினால், மாற்றுவதற்கு மறுபடி பர்லியார் வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்கி ஏற வேண்டும். ஆன்லைனில் மலிவாக வரும் பழைய சர்வர் ரேம் பக்கமே போகாதீர்கள். 'ரெஜிஸ்டர்டு' என்று போட்டிருந்தால் சாதாரண டெஸ்க்டாப்பில் ஓடாது. டிடிஆர்3 மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் புதிதாகப் பணம் போடாதீர்கள், புது மெஷினுக்குச் சேர்த்து வையுங்கள்.

32 வேண்டுமென்றால் ஒரே 32ஐ விட ஒரே பாக்கெட்டில் வரும் இரண்டு 16 நல்லது. இரண்டு சேனலிலும், அதாவது இரண்டு பாதையிலும், தகவல் ஓடும். ஏற்கெனவே ஒரு 16 இருந்தால் அதே வகையில் இன்னொன்று சேர்க்கலாம். வேகம் வேறாக இருந்தால் இரண்டுமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக்கை, பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாட்டும்போது நம் ஊருக்கென்று இரண்டு விஷயம். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் காற்று வறண்டிருக்கும், நாமோ கம்பளி ஸ்வெட்டரோடு நிற்போம். உடம்பில் ஏறும் மின்னூட்டம் சிப்பைப் பாழாக்கும். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கின் ஓரத்தைப் பிடியுங்கள். மழைக்காலத்தில் கூடலூர்ப் பக்கம் லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கும். அந்த ஈரத்தில் ரேமின் தங்கமுலாம் முனைகள் அழுக்கேறி, திரை வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்கும். அதற்கு ரப்பர் வைத்துத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க முலாம் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பின் மாட்டுங்கள்.

கடைசி வேலை, அதே இரவு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள். கெட்ட ரேம் சில நேரம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல், சேமிக்கும் படத்தையே கெடுத்துவிடும். கரண்ட் போகும் காலமென்றால் யுபிஎஸ் இருக்கட்டும். பிழை ஒன்று வந்தாலும் பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள், ஆல்பம் வேலையை அந்த ரேமில் தொடங்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.