சலுகை யாருடைய பைக்குப் போகிறது?

சபையோருக்கு வணக்கம். மின்சாரக் கார் வாங்கலாமா என்று கேட்கவே சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு கேள்வி: அரசாங்கம் வரியில் விட்டுக்கொடுக்கும் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது?

"வாங்குகிறவர் கையில்தானே" என்பீர்கள். அமெரிக்காவில் மின்சாரக் கார் வாங்கியவர்கள் 7,500 டொலர் வரை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. ஒரு நிறுவனம் 2 இலட்சம் கார்களை விற்றுவிட்டால் அதன் கார்களுக்குச் சலுகை படிப்படியாகக் குறையும். டெஸ்லா அந்த எல்லையைத் தொட்டது. 2019 ஜனவரி 1 முதல் 3,750 டொலர்தான். மறுநாளே டெஸ்லா தன் கார்களின் விலையில் 2,000 டொலரைக் குறைத்தது. குறைக்க இடம் இருந்திருக்கிறது, பாருங்கள்!

2022இல் வந்த சட்டம் இன்னும் சுவையானது. சாதாரண கார் 55,000 டொலருக்கு மேல் என்றால் சலுகை இல்லை என்றது. 2023 ஜனவரியில், 65,990 டொலருக்கு விற்ற டெஸ்லாவின் மொடல் வை கார் 52,990 ஆகியது. போட்டி கூடியதும் காரணம்தான். ஆனால் விலை அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றதைத் தற்செயல் என்று நான் நம்பமாட்டேன்.

சரி, விலை இப்படி. வாங்க வருவோர் தொகை எப்படி? ஜேர்மனியில் 2023 டிசெம்பரில், ஒரே நாள் அவகாசத்தில், மானியத்தை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு 5 இலட்சத்து 24 ஆயிரம் மின்சாரக் கார்கள் பதிவாகியிருந்தன. 2024இல் 3 இலட்சத்து 80 ஆயிரம். இந்தியாவில் 2023 ஜூனில் மின்சார ஸ்கூட்டர் மானியத்தை வெட்டியபோது, மே மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டிய விற்பனை ஜூனில் பாதிக்கும் கீழே போனது. இதில் ஒரு சூட்சுமம்: மே மாதம் வாங்கியவர்களில் பலர், எப்படியும் பின்னால் வாங்கவிருந்தவர்கள். சலுகை புதிய ஆசையையும் உண்டாக்கும். இருக்கிற ஆசையை முன்னுக்கும் இழுக்கும். இரண்டையும் பிரிக்காமல் புள்ளிவிபரம் படித்தால் ஏமாறுவோம்.

இனி நம் இலங்கை. நமக்கு யாரும் கையில் காசு தருவதில்லை. பெற்றோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் இடையிலான வரி வித்தியாசம்தான் நம் சலுகை. நோர்வேயும் அப்படித்தான் செய்தது: மின்சாரக் காருக்கு வற் வரியை 2001இல் நீக்கினார்கள். ஆனால் அங்கே அது இருபது ஆண்டுக்கு மேல் அசையாமல் நின்றது. 2023இல்தான், அதுவும் விலையுயர்ந்த கார்களுக்கு மட்டும், கை வைத்தார்கள்.

இங்கே? 2015இல் மின்சாரக் காருக்கு வரி குறைவாக இருந்தது. பழைய நிஸான் லீஃப் மின்சாரக் கார்கள் ஜப்பானிலிருந்து வந்து குவிந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே வரி ஏறிவிட்டது. 2020 மார்ச்சில் இறக்குமதியே நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில், ஓடித் தேய்ந்த கார்களை வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். உங்கள் கெட்டித்தனத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் வரி ஏறும்போதும் கதவு மூடும்போதும் இலாபம் பார்ப்பவர், ஏற்கெனவே காரை வைத்திருப்பவர்.

கிலோவொட் கணக்கும் அப்படித்தான். மோட்டாரின் வலுவைப் பார்த்து வரி என்றால், வரிப் படிக்கு ஏற்றபடி மோட்டார் வந்து நிற்கும். 2025இல் சீனக் கார்களின் மோட்டார் 100 கிலோவொட்டா 150 கிலோவொட்டா என்று சுங்கத்தில் எழுந்த தகராறு நினைவிருக்கும். காரோ ஒன்று, வரியோ மலைக்கும் மடுவுக்கும்.

என்னைக் கேட்டால், சலுகை சிறிதாக இருக்கட்டும். எப்போது முடியும் என்ற திகதியோடு வரட்டும். விற்பவருக்கு எதிரே நாம் அவசரப்படாமல் நிற்க முடிந்தால்தான் அதில் நமக்கும் பங்கு.

அப்புறம், வாங்கலாமா என்ற கேள்வி. பழைய லீஃப் என்றால் டாஷ்போர்டின் வலது ஓரத்தில், பற்றரியின் கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் 12 சின்னக் கோடுகள் உண்டா என்று எண்ணுங்கள்; அந்த பற்றரிக்குக் குளிரூட்டி கிடையாது, நம் வெக்கையில் கோடுகள் சீக்கிரம் உதிரும். புதிய கார் என்றால், விலையையும் வரியையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வரி கூடினால் மிச்சத்தை நீங்கள் கட்டவேண்டும் என்று ஓடர் படிவத்தில் எழுதியிருக்கக்கூடும். குறைந்தால் யாருக்கு என்று கேளுங்கள். பதிலையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.