விசா வேறு, வேலை அனுமதி வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு நாள் இரவு, என்னிடம் ஆங்கில இலக்கியம் படித்த மாணவி ஒருத்தி போன் செய்தாள். தாய்லாந்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். சம்பளம், தங்குமிடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசி வரி மட்டும் இப்படி: "இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், இங்கே வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்."

இதே வரியை நம்பித்தான் 2014 மே மாதம் நானும் விமானம் ஏறினேன். அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தாய்லாந்தில் பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்கும். நான் போய்ச் சேர்ந்தது வடகிழக்கில், ஈசான் பகுதியில் ஒரு சிறிய ஊர். நல்ல பிள்ளைகள். காலையில் வகுப்புக்குள் நுழைந்தால் நாற்பது பேரும் எழுந்து கைகூப்புவார்கள். இரண்டு வாரத்தில் அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று. காகிதம் என்ன ஆயிற்று என்று கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று பதில் வந்தது. அந்த மே 22 அன்றுதான் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எல்லாத் துறையிலும் கெடுபிடி கூடியது. விசா முடிகிற நேரத்தில் எல்லையைத் தாண்டிவிட்டு அன்றைக்கே திரும்பி வருவதை அங்கே விசா ரன் என்பார்கள். அப்படி வருகிறவர்களையும் எல்லையிலேயே மடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை, பாடத்தின் நடுவே அலுவலக உதவியாளர் ஓடி வந்து என்னை மாடியில் நூலக அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ஆய்வுக்கு அதிகாரிகள் வந்திருக்கிறார்களாம். ஒன்றரை மணி நேரம் அந்த அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே என் வகுப்புப் பிள்ளைகள் பாட்டுப் பாடும் சத்தம் கேட்டது. நான் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, பாடம்தான் நடத்தினேன். ஆனாலும் ஒளிந்துதான் இருந்தேன். அந்த வார இறுதியிலேயே, சம்பளமும் வாங்காமல், ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். போவதற்கு முன்பு படித்திருக்க வேண்டியது.

தாய்லாந்தில் ஒரு பள்ளியில் சட்டப்படி பாடம் நடத்த மூன்று அனுமதிகள் வேண்டும். மூன்றையும் மூன்று அலுவலகங்கள் தருகின்றன. முதலாவது விசா. அது வேலைக்காக வருகிறவர்களுக்கான 'நான்-இமிக்ரன்ட் பி' (Non-Immigrant B) என்ற வகையாக இருக்க வேண்டும். அதைத் தருவது தூதரகம். சென்னையிலேயே தாய்லாந்தின் துணைத் தூதரகம் இருக்கிறது. இந்த விசா நாட்டுக்குள் நுழையவும் முதலில் 90 நாள் தங்கவும் மட்டுமே உரிமை தருகிறது. வேலை செய்ய உரிமை தருவது இரண்டாவது காகிதம், வொர்க் பெர்மிட். அது தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் வேலைவாய்ப்புத் துறையின் பொறுப்பு. மூன்றாவது ஆசிரியர் உரிமம். அதை அங்குள்ள ஆசிரியர் கவுன்சிலான குருசபா பார்த்துக்கொள்கிறது. குருசபா என்ற பெயரைக் கேட்டதும் நம் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஒரு நெருக்கம் வந்தது உண்மை. முழு உரிமம் இல்லாதவர்களுக்கு, பள்ளி கேட்டுக்கொண்டால், இரண்டு ஆண்டுக்குத் தற்காலிக அனுமதி தருவார்கள். மாலை நேர மொழிப் பயிற்சி மையங்களில் வேலை என்றால் இந்த மூன்றாவது தேவைப்படாது.

இந்த மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் தனியாகப் போய் வாங்கிவிட முடியாது. எல்லாவற்றிலும் பள்ளி கையெழுத்துப் போட வேண்டும், பள்ளியின் உரிமம், நியமனக் கடிதம் எல்லாம் வேண்டும். இன்னொன்று, நீங்கள் இந்தியாவில் இருக்கும்போதே உங்கள் வேலை அனுமதிக்காகப் பள்ளி அங்கே முன்கூட்டி விண்ணப்பிக்க வழி இருக்கிறது. உண்மையாகவே உங்களை வேலைக்கு எடுக்க நினைக்கும் பள்ளிக்கு அது பெரிய சிரமம் இல்லை. டூரிஸ்ட் விசாவில் வா என்று சொல்லும் பள்ளி, தன் சிரமத்தை உங்கள் தலையில் வைக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், அதோடு நாடு கடத்தல். பள்ளிக்கும் அபராதம் உண்டு, ஆனால் பள்ளியை யாரும் விமானத்தில் ஏற்றி அனுப்ப முடியாதே.

சரி, நம் பக்கம் என்ன செய்ய வேண்டும்? இங்கேதான் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அது இனிஷியல்.

என் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அந்த எழுத்து பெயருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். வெளிநாட்டு அதிகாரிக்கு அப்படித் தெரியாது. அந்த ஓர் எழுத்து அப்பாவின் பெயர், அது குடும்பப் பெயர் இல்லை என்று அவருக்கு யார் சொல்வது? பிறகு தாய்லாந்துக்கு இரண்டாவது முறை கிளம்பும்போது இதற்கு மட்டும் எனக்கு ஒரு மாதம் போயிற்று. நோட்டரி முன்னிலையில், இந்த மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் போட்டேன். அதை மற்ற காகிதங்களோடு எல்லா இடத்திலும் சேர்த்துக் கொடுத்தேன். இறுதி ஆண்டு படிக்கும் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, பாஸ்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

அடுத்தது அட்டஸ்டேஷன். பட்டச் சான்றிதழ் உண்மையானது என்று முதலில் மாநில உயர்கல்வித் துறை சொல்ல வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரை வைக்க வேண்டும், கடைசியில் எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டுத் தூதரகம். ஒரு நாட்டின் சான்றிதழை இன்னொரு நாடு எளிதாக ஏற்க வழி செய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2005 முதல் இந்தியா இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அந்த ஒரு முத்திரை போதும். நான் போனபோது தாய்லாந்து அதில் இல்லை, அதனால் தூதரகப் படியும் ஏற வேண்டியிருந்தது. கூடவே, நம் மேல் குற்ற வழக்கு இல்லை என்று காட்டும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ். அதற்குப் பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் பட்டியல்களையும் பத்திரமாக வையுங்கள், அவற்றையும் கேட்பார்கள்.

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நம்மால் முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். தாய்லாந்தில் பொதுவாக டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 990-க்கு 600 மதிப்பெண் கேட்பார்கள். நம்மைப் போலவே ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் அங்கே ஏராளம். ஜப்பானில் பள்ளி ஆசிரியருக்கான விசாவுக்கு, 12 ஆண்டு ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. தமிழ் வழியில் படித்த நல்ல ஆசிரியர்களை இது வெளியே நிறுத்துகிறது, அதில் எனக்கு வருத்தம்தான். தென்கொரியா இதற்கான விசாவை அமெரிக்கா, பிரிட்டன் முதலான ஏழு ஆங்கில நாட்டுக்காரர்களுக்கே வைத்திருக்கிறது. ஆனால் 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தால், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றிதழும் உள்ள இந்தியர்களுக்கு அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. பி.எட். முடித்தவர்கள் இதை விசாரித்துப் பார்க்கலாம்.

ஏஜென்ட் மூலம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும், அவ்வளவுதான். பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் கேட்கலாம். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது நினைவிருக்கும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் அடைத்து வைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். அதில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே சுற்றுலா வரலாம் என்று தாய்லாந்து அறிவித்தபோது, எனக்கு முதலில் வந்தது பயம்தான். இனி இந்த ஏஜென்ட்டுகளுக்கு விசாகூடத் தேவையில்லையே என்று நினைத்தேன்.

நான் அதே 2014 நவம்பரில், இரண்டாம் பருவத்துக்கு, வேறொரு பள்ளிக்குச் சரியான விசாவோடு போனேன். வொர்க் பெர்மிட் அப்போது நீல அட்டை போட்ட சிறு புத்தகமாக இருந்தது. அதில் பள்ளியின் பெயரும் என் வேலையும் எழுதியிருந்தன. 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும், அதை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. ஒரு முறை வகுப்பு நடக்கும்போதே அதிகாரிகள் வந்தார்கள். நான் பாடத்தை நிறுத்தவில்லை. மணி அடித்த பிறகு புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கைகூப்பிவிட்டுப் போனார்கள்.

என் மாணவி அந்தப் பள்ளிக்குப் பதில் எழுதினாள். வேலை அனுமதிக்கு விண்ணப்பித்த நகலை அனுப்புங்கள், விசா வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று மரியாதையாகத்தான் எழுதினாள். பதில் வரவில்லை. இப்போது இன்னொரு பள்ளி நியமனக் கடிதத்தையும் பள்ளியின் உரிம நகலையும் அனுப்பியிருக்கிறது. அவள் சான்றிதழ்கள் உயர்கல்வித் துறையில் இருக்கின்றன. இனிஷியலுக்கான பிரமாணப் பத்திரத்தை நேற்று நானே சரிபார்த்துக் கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.