கொலு பொம்மையும் ஐப்பசி ஈரமும்

நேயர்களுக்கு வணக்கம். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி பிறந்துவிடும். மதுரைக்காரர்களுக்குக் கொலு என்றால் விளாச்சேரிதான். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில், மண்பொம்மையே பிழைப்பாக இருக்கும் குடும்பங்களின் ஊர். ஆவணியிலேயே ஒரு நடை போய்வந்துவிடுங்கள். அமாவாசைக்கு முந்தின நாள் போனால் மற்றவர்கள் எடுத்துப் பார்த்துக் கழித்ததுதான் மிச்சம் இருக்கும்.

பொம்மையைக் கையில் எடுத்ததும் எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறோம். முதலில் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே கூடாக இருக்கும்; விளிம்பிலிருந்து மேலே ஓடும் மயிரிழை விரிசல் அங்கேதான் தெரியும். பிறகு நகத்தால் சுண்டுங்கள். நன்றாகச் சுட்ட பொம்மை ‘டங்’ என்று பேசும். வேகாததும் விரிசல் விட்டதும் ‘தொப்’ என்று கேட்கும். கழுத்திலும் மணிக்கட்டிலும் வர்ணம் தடித்திருந்தால், உடைந்ததை ஒட்டி மேலே பூசியிருக்கலாம். காகிதக்கூழ் பொம்மைக்கு எடை குறைவு, கைதவறினாலும் பிழைக்கும். ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும். ஒரு அடிக்குள் என்றால் மண், இரண்டு அடிக்குப் போனால் காகிதக்கூழ் என்பது என் கட்சி.

படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். சாதாரண வீட்டுக்கு ஐந்து தாராளம். ஒவ்வொரு படியும் 8 அங்குல உயரம், 10 அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், துணி ஏறி இறங்கப் படிக்கு 18 அங்குலம், ஐந்துக்கு 90 அங்குலம், அதாவது ஏழரை அடி. நாலு முழ வேட்டி ஆறடிதான், காணாது. எட்டு முழ வேட்டி விரித்தால் மேலும் கீழும் மடித்துச் செருக மிச்சம் இருக்கும். வேட்டியின் அகலம் சுமார் நாலடி. படி அதைவிட நீளம் என்றால் இரண்டு வேட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிடுங்கள். துணியை இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. மூலையில் துணி அந்தரத்தில் நிற்கும், அதன்மேல் வைத்த பொம்மை முன்பக்கம் சாயும். மேல்படியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு மரச்சட்டத்தை வைத்து அழுத்திக்கொண்டே இறங்குங்கள். மரப்பாச்சியும் கலசமும் மேல்படிக்கு. செட்டியார் கடை கீழ்ப்படிக்கு. குழந்தைகள் அரிசி, பருப்பைத் தொட்டு விளையாடத்தானே அது! குத்துவிளக்கு மட்டும் துணியை விட்டு மூன்றடி தள்ளியே இருக்கட்டும்.

சுண்டலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். இருபத்தைந்து பேருக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை போதும். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். மதியம்தான் நினைவு வந்தால் கொண்டைக்கடலையை மறந்துவிட்டுப் பாசிப்பருப்புக்கு மாறிவிடுங்கள். அதற்கு அரைமணி ஊறல் போதும். ஆனால் அதைக் குக்கரில் போட்டால் குழைந்து பொங்கலாகிவிடும். திறந்த பாத்திரத்தில் வேகவிட்டு, விரலால் நசுக்கினால் நசுங்கும் ஆனால் முழுசாக நிற்கும் பதத்தில் உடனே வடித்துவிட வேண்டும். தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் அடுப்பை அணைத்த பிறகுதான். சாறு கொதித்தால் கசக்கும். மதியமே தேங்காயைக் கலந்து வைத்தால், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு, ஆறு மணிக்கு வருகிறவர்கள் ஊசிப்போன சுண்டலைத்தான் வாங்கிப் போவார்கள்.

ஒன்பது நாளும் எல்லாம் சரியாகத்தான் நடக்கும். பொம்மை கெடுவது அதற்குப் பிறகு. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் கொலுவை எடுக்கிறோம். அடுத்து ஐப்பசி, அடைமழை. பளபளப்பாக இருக்கட்டும் என்று ஈரத்துணியால் துடைத்தீர்களானால் தண்ணீர் வர்ணம் துணியோடு வந்துவிடும். உலர்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷ் ஒன்று வைத்துக்கொண்டு தூசியைத் தட்டினால் போதும்.

பிளாஸ்டிக் பையில் கட்டிவைப்பதும் வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும், வர்ணம் செதில் செதிலாக உரியும். செய்தித்தாளை நேரே சுற்றினால் அச்சு மை வெள்ளைப் பொம்மைமேல் ஒட்டிக்கொள்ளும். பழைய வேட்டித் துணியை முதலில் சுற்றி, அதற்கு மேல் காகிதம். கனமானவை பெட்டிக்கு அடியில், சின்னவை மேலே. அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தால் கரையானுக்குப் பந்தி விரித்த மாதிரி. பரணில் ஏற்றுங்கள், அங்கேயும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் அரை அடி இடைவெளி விடுங்கள். மழை ஓய்ந்து தை மாதம் வெயில் ஏறியதும் ஒருமுறை பெட்டியைத் திறந்து, பொம்மைகளை நிழலில் காற்றாட வைத்து எடுங்கள்.

தசாவதார செட்டுக்கு ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் பென்சிலால் எண் எழுதிவிடுங்கள். பரசுராமரின் கோடரியோ பலராமரின் கலப்பையோ ஒடிந்திருந்தால், ஒடிந்த துண்டைத் தனியே எடுத்துவைக்காமல் துணியில் முடிந்து அந்தந்தப் பொம்மையோடு சேர்த்தே கட்டிவையுங்கள். அடுத்த புரட்டாசியில் ஒட்டிக்கொள்ளலாம். வணக்கம்.