கொலுசுப் பட்டறைக்காரர் ஏன் துப்பாக்கி எடுக்க வேண்டும்?

அடுத்த கேள்வி செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறது. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: “ஐயா, 2022-ல் உக்ரைனில் போர் தொடங்கியதும் வாத்தியார், கடைக்காரர் என்று ஆயுதமே தொட்டறியாதவர்கள் வரிசையில் நின்று துப்பாக்கி வாங்கினார்களே, ஏன்? அதற்குத்தானே ராணுவம் இருக்கிறது? நம் நாட்டிலும் எல்லோருக்கும் கட்டாய ராணுவப் பயிற்சி வேண்டுமா?”

தம்பி, எல்லோரும் அப்படி வரிசையில் நிற்கவில்லை. 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று அரசு தடை போட்டது. 2024-ல் கட்டாய ஆள்சேர்ப்பு வயதை 27-லிருந்து 25-ஆகக் குறைத்தார்கள். தானாக வருகிறவர்களே போதுமென்றால் அந்தச் சட்டத்துக்கு வேலை ஏது? ஆனாலும் முதல் வாரத்தில் நின்ற வரிசை பொய்யில்லை. தேசபக்தி என்று ஒரே சொல்லில் அதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

2018-ல் எட்டு வழிச்சாலைக்காக நம் சேலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் அளவுக்கல் நட்டது நினைவிருக்கும். போலீஸ் பாதுகாப்போடு வந்து நட்டார்கள். சாலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. வரப்பில் நின்றிருந்த ஒரு பாட்டியைத்தான் சொல்ல வந்தேன். அதுவரை எந்த ஆர்ப்பாட்டத்துக்கும் போனவரில்லை. கல்லை ஊன்றியதும் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி, வந்திருந்தவர்கள் முன்னால் தூற்றினார். அவர் யாரிடமும் கொள்கை கேட்டு அங்கே வந்து நிற்கவில்லை. அந்நியப் படை வருவதும் இதுவும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் தன் பங்கில் பிறர் கை வைக்கும்போது மனிதருக்கு வரும் ஆவேசம் அதுதான்.

பின்லாந்தைப் பாருங்கள். 1918-ல் அங்கே உள்நாட்டுப் போர். கூலிகளும் குத்தகைதாரர்களும் ஒரு பக்கம், உள்ளவர்கள் மறுபக்கம். தோற்ற ஏழைகள் ஆயிரக்கணக்கில் சிறை முகாம்களிலேயே மாண்டார்கள். அப்படிப்பட்ட நாட்டின்மீது 1939 நவம்பர் 30-ல் சோவியத் படை பாய்ந்தது. பழைய பகையில் ஏழைகள் தம் பக்கம் வந்துவிடுவார்கள் என்பது ஸ்டாலினின் கணக்கு. எல்லையோரத்தில் ஒரு பொம்மை அரசையும் அமைத்து, நிலம் தருகிறோம், எட்டு மணி நேர வேலை தருகிறோம் என்று அறிவிக்க வைத்தார். வேடிக்கை என்னவென்றால், எட்டு மணி நேர வேலை பின்லாந்தில் 1917-லேயே சட்டமாகிவிட்டது. 1918-லும் 1922-லும் வந்த சட்டங்களால் குத்தகைதாரர்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் சொந்த நிலமும் கிடைத்திருந்தது. தோற்றவர்களின் பிள்ளைகளும் வென்றவர்களின் பிள்ளைகளும் ஒரே பனிப் பள்ளத்தில் கிடந்து 105 நாள் தாக்குப்பிடித்தார்கள். நிலம் கொஞ்சம் பறிபோனது; நாடு பிழைத்தது.

‘அப்படியானால் ஒன்றுமில்லாதவன் போராட மாட்டானா?’ என்று நீங்கள் மடக்கலாம். மடக்க வேண்டிய இடம்தான். 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி அழைத்தபோது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். நம் சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறிய குடும்பங்களும் அந்தத் தோட்டங்களில் இருந்தன. இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராத பெண்கள் கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். இந்தியாவில் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. தோட்டத்தில் துரைக்கும் கங்காணிக்கும் அவர்கள் வெறும் கூலிகள். படையிலோ சீருடை, பெயர் சொல்லி அழைப்பு, சாதி பாராமல் ஒரே பந்தியில் சாப்பாடு. முழுவதும் இலட்சியம் என்று சொன்னால் அதுவும் பொய்: சேராதவர்களை ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்கு இழுத்துப்போகும் பயமும் இருந்தது. ஆனால் அந்தப் பயம் ஆளைப் படையில் சேர்க்கும். தலைமுறை கடந்தும் பெருமையோடு பேச வைக்காது.

மேலே இருப்பவர் நிற்கிறாரா என்பதும் முக்கியம். 2022 பிப்ரவரி 25 இரவு உக்ரைன் அதிபர் செலன்ஸ்கி தலைநகர் கீவ் தெருவில் நின்று ‘இங்கேதான் இருக்கிறோம்’ என்று காணொளி வெளியிட்டார். 2021 ஆகஸ்ட் 15-ல் ஆப்கானிஸ்தான் அதிபர் நாட்டைவிட்டே போய்விட்டார். அதற்கு முன்பே பல மாகாணங்களில் படை கலைந்திருந்தது. அமெரிக்க ஆயுதம் இருந்தும், சம்பளம் ஒழுங்காக வராத சிப்பாய் யாருக்காகச் சாவான்?

கட்டாயப் பயிற்சி பற்றி: இந்தியாவுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. பின்லாந்தில் அது இருக்கிறது, காரணமும் இருக்கிறது. சுமார் 56 லட்சம் பேர், ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. இங்கே ஆள்சேர்ப்பு முகாம் என்றால் விடியற்காலையிலேயே மைதானத்தில் இளைஞர்கள் கூட்டம் நெரிகிறது. இருக்கும் இடங்களைப்போல் பல மடங்கு பேர் வருகிறார்கள். அவர்களுக்கே இடமில்லாதபோது உங்களைப் பட்டறையிலிருந்து எழுப்பிக் கொண்டுபோய் என்ன செய்வது, தம்பி?