கோன் லைனில் மணிக்கட்டு ஏன் போகிறது?

[காட்சி: நகரும் கோன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோழி. கத்தி பிடித்த கை மட்டும்.]

குரல்: அமெரிக்கக் கோழி ஆலைகளின் வேகம் என்றாலே நிமிடத்துக்கு 140 கோழி என்ற கணக்கைத்தான் சொல்வார்கள். 2014இல் அந்நாட்டு வேளாண் துறை கொண்டுவந்த அந்த வரம்பு, குடல் எடுக்கும் லைனுக்கு. அங்கே பெரும்பாலும் இயந்திரம். எலும்பு நீக்கும் கோன் லைன் தனி; கோழியைக் கூம்பு மாதிரி இருக்கும் கோனில் மாட்டி நகர்த்துவார்கள். அங்கே மனிதக் கைதான்.

அதே ஆண்டு தென் கரோலினா ஆலை ஒன்றைப் பற்றி நியோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. பரிசோதித்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு, மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்பல் டனல் பாதிப்பு.

[காட்சி: கரும்பலகையில் கணக்கு]

நிமிடத்துக்கு 36 கோன் என்று வைத்துக்கொள்வோம். தோள் வெட்டுக்கு, அதாவது கோழியின் தோள் மூட்டை வெட்ட, 3 பேர். ஆளுக்கு 12 கோழி, கோழிக்கு 2 வெட்டு; மணிக்கு 1,440 வெட்டு. ஒருவர் லீவு போட்டால் மற்ற இருவருக்கும் 2,160. லைன் வேகம் மாறவே இல்லை, மீட்டரில் அதே 36! ஆகவே ஆள் குறைந்தால் கோன்களில் இடைவிட்டுக் கோழி மாட்டச் சொல்லுங்கள்.

[காட்சி: கத்தியின் வெட்டும் விளிம்பு, மிக அருகில்]

அடுத்தது கத்தி. எலும்பிலோ கோனிலோ இரும்பு வலைக் கையுறையிலோ பட்டால் வெட்டும் விளிம்பு மடங்கும். கத்தி தீட்டும் ஸ்டீல் கம்பியில் லேசாக இழுத்தால் நிமிரும். அழுத்தித் தேய்த்தால் இன்னும் மடங்கும். கறி நார் நாராகப் பிய்கிறதா? இனிக் கம்பி உதவாது, சாணைக்கு அனுப்பி வேறு கத்தி கொடுங்கள். குளிர்ந்த கறியில் விரல் மரத்து, பிடி தானாகவே இறுகியிருக்கும். மழுங்கிய கத்தி அதை இன்னும் கூட்டும்.

வேலை மாற்றிவிடுகிறோம் என்பார்கள். தோள் வெட்டிலிருந்து தோல் உரிக்க அனுப்புவது மாற்றமா? அதே விரல்கள், அதே இறுக்கம். பெட்டி அடுக்கவோ தரம் பார்க்கவோ அனுப்பினால்தான் அந்தத் தசைக்கு ஓய்வு.

[காட்சி: நிற்கும் மேடை]

வெட்டும் இடம் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். குள்ளமானவருக்கு மேடை இல்லையென்றால் தோளைத் தூக்கித்தான் வெட்டுவார். மேடையை ஷிஃப்ட் தொடங்குமுன் சரிசெய்துவிடுங்கள்; கோன் ஓட ஆரம்பித்தபின் குனிந்து திருகுக்கட்டையைத் தேட யாருக்கும் நேரமிருக்காது.