பொரியலுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும்

வணக்கம். வேலைக்காக மும்பைக்கு வந்து, அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி தங்கைகளை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். குக்கரில் சோறு வைக்கப் பழகிவிடுகிறீர்கள். தயிரும் ஊறுகாயும் கடையில் கிடைக்கின்றன. தட்டில் காய்தான் இருப்பதில்லை. களைத்து வரும் பிள்ளைகள் இப்படிச் சாப்பிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொரியல் செய்ய அரை மணி நேரம் போதும்.

மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனால் புடலங்காய், வாழைத்தண்டு எல்லாம் வாங்கலாம். பீன்ஸ் என்றால் தெருமுனை வண்டியிலேயே இருக்கும். ஒடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் இளசு. இரண்டு பேருக்குக் கால் கிலோ தாராளம். கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிய பிறகு கழுவ வேண்டாம். துண்டுகள் பொடியாக, ஒரே அளவில் இருக்கட்டும்.

வாணலியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கடுகு போடுங்கள். அது வெடித்ததும் தீயைக் குறைத்து உளுத்தம்பருப்பு. இங்கே அவசரம் கூடாது. வெள்ளைப் பருப்பு மெல்லப் பொன்னிறமாகும், வாசனை எழும்பும். அந்த நேரம்தான் கிள்ளிய மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போட வேண்டும். கையோடு காயையும் போட்டுவிடுங்கள். பருப்பு கருகவிட்டால் பொரியல் முழுக்கக் கசக்கும்.

அப்புறம் தண்ணீர். பலருக்கும் கெட்டுப்போவது இதில்தான். பீன்ஸில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். உப்பு போட்டுக் கிளறினால் காயே ஈரம் விடும். ஒரு கை தண்ணீர் தெளித்து, சிறு தீயில் மூடி வையுங்கள். நடுவில் ஒருமுறை கிளறி, அடிப்பிடிப்பது போல் இருந்தால் இன்னொரு கை தெளிக்கலாம். சொம்பு நிறைய ஊற்றினாலும் காய் வேகும், ஆனால் வடிக்கிற தண்ணீரோடு ருசியும் சத்தும் போய்விடும். முட்டைக்கோஸுக்குத் தெளிக்கவே தேவையில்லை. வெந்ததும் மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் பிரட்டினால் உதிரி உதிரியாக வரும். அடுப்பை அணைத்துவிட்டுத் தேங்காய்த்துருவல் சேருங்கள்.

காலையில் டப்பாவோடு லோக்கல் ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள் தேங்காயை விட்டுவிடுவது நல்லது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் மதியத்துக்குள் ஊசிப்போகலாம். வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவுங்கள். மராத்தி வீடுகளில் காய்க்கு அதைப் போடுவார்கள், நம் பொரியலுக்கும் பிரமாதமாகச் சேர்கிறது. சூட்டோடு மட்டும் டப்பாவை மூடாதீர்கள். ஆவி மூடியில் படிந்து சொட்டி, பொரியல் நசநசவென்று ஆகிவிடும். தட்டில் பரப்பி ஆறவிட்டு, பிறகு அடையுங்கள்.