மண்ணே கோட்டை: யமனாகா

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானியக் கோட்டை என்றதும் பலருக்கும் ஹிமேஜிதான் கண்முன் வரும். வெள்ளைச் சுவர், அடுக்கடுக்கான கூரை, உச்சியில் கோபுர மாளிகை. அப்படிப்பட்ட பழைய மாளிகைகள் அந்த நாட்டில் இன்று பன்னிரண்டுதான் மிச்சம். ஆனால் 15, 16ஆம் நூற்றாண்டுகளில், பிரபுக்கள் ஓயாமல் மோதிக்கொண்ட சென்கோக்கு காலத்தில், எழுந்த கோட்டைகளோ பல்லாயிரம். பெரும்பாலானவை மலைமேல் இருந்தன. மலையை வெட்டினார்கள், அகழ் தோண்டினார்கள், தோண்டிய மண்ணையே கரையாக உயர்த்தினார்கள், அதன்மேல் மர வேலியும் பரணும் கட்டினார்கள். மரம் மக்கிப்போனது. மண் நிற்கிறது. அந்த மண்ணைப் பார்த்தே ஒரு கோட்டையைப் புரிந்துகொள்ள முடியும். யமனாகாவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஷிசுவோகா மாநிலத்தின் மிஷிமா நகர எல்லையில், ஹாகோனே மலையின் மேற்குச் சரிவில் ஏறத்தாழ 580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது யமனாகா. ஒதவாராவைத் தலைநகராகக் கொண்டு ஐந்து தலைமுறை ஆண்ட ஹோஜோ குலத்தார் 1560களை ஒட்டி இதைக் கட்டினார்கள். மேற்கிலிருந்து ஒதவாராவுக்குப் போகும் மலைப்பாதை கோட்டைக்குள் புகுந்துதான் போயிற்று. வருகிறவன் யாராக இருந்தாலும் இங்கே நின்றாக வேண்டும்.

மலையை வெட்டிச் சமன்செய்த தளங்களை முற்றம் என்கிறேன். அவற்றில் மேற்கு முற்றத்தைச் சுற்றியுள்ள அகழைப் பாருங்கள். அடித்தளம் சமமாக இல்லை. தோண்டும்போதே குறுக்கும் நெடுக்குமாக மண்ணை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். வரப்பு விட்டுப் பாத்தி கட்டிய வயல்போல அகழ் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு குழி. உள்ளே இறங்கியவன் பக்கவாட்டில் ஓட முடியாது. வரப்பில் ஏறினால் மேலே இருப்பவனுடைய துப்பாக்கிக்கு நேராக நிற்பான். ஏறுவதும் எளிதல்ல. இது எரிமலைச் சாம்பல் படிந்து உருவான செம்மண். நனைந்தால் காலை வாரிவிடும். கல்லை நாடாமல் அந்த மண்ணின் வழுக்கலையே ஆயுதமாக்கினார்களே, அந்த அறிவை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

இத்தனை செய்தும் கோட்டை அரை நாளில் விழுந்தது. 1590, ஜப்பானிய நாட்காட்டிப்படி மூன்றாம் மாதம் 29ஆம் நாள். ஜப்பான் முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவர முனைந்த தொயொத்தோமி ஹிதேயோஷி, தன் அக்காள் மகன் ஹிதேத்சுகுவின் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். உள்ளே இருந்தவர்கள் சுமார் நாலாயிரம் பேர். வந்தவர்களோ அதைப்போலப் பல மடங்கு. கோட்டைத் தலைவர் மத்சுதா யசுநாகா மாண்டார். முதியவர் மமியா யசுதோஷி மாண்டார். தாக்கிய தரப்பிலும் ஹிதொத்சுயனாகி நவோசுவே என்ற தளபதி குண்டடிபட்டு இறந்தார். ஒதவாராவும் அந்த ஆண்டு கோடையிலேயே பணிந்தது. அதன்பின் யமனாகாவை யாரும் மீண்டும் கட்டவில்லை.

அரை நாளில் வீழ்ந்ததால் அகழ் பயனற்றது என்று முடிவுகட்டுவதை நான் ஏற்க மாட்டேன். இவ்வளவு நீண்ட வேலியைக் காக்க அந்த நாலாயிரம் பேர் போதவில்லை. போர் வரும் என்று தெரிந்து அவசர அவசரமாகத் தொடங்கிய விரிவாக்க வேலைகளும் முடியவில்லை. மண் தன் வேலையைச் செய்தது. ஆளும் நாளும்தான் போதவில்லை.

மூன்றாம் முற்றம் இருந்த இடத்தில் இன்று சோகன்ஜி என்ற கோயில் இருக்கிறது. காத்தவர்களான மத்சுதா, மமியா ஆகியோரின் கல்லறைகளும், தாக்க வந்த ஹிதொத்சுயனாகியின் கல்லறையும் அந்த ஒரே வளாகத்தில்தான் உள்ளன.

1934இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1973இலிருந்து மிஷிமா நகராட்சி அகழாய்வு செய்தது. துப்பாக்கிக் குண்டுகள் கிடைத்தன. கட்டம் கட்டமான அகழ்கள் வெளிப்பட்டன. அதன்பிறகு எடுத்த முடிவைத்தான் நான் மனமாரப் போற்றுகிறேன். கற்பனையாக ஒரு கோபுரத்தை எழுப்பிப் பயணிகளை இழுக்கவில்லை. தோண்டிக் கண்ட அகழை மண்ணிட்டுக் காத்து, மேலே புல் போர்த்து, வடிவம் மட்டும் தெரியும்படி விட்டார்கள்.

மிஷிமா ரயில் நிலையத்திலிருந்து பேருந்திலேயே போகலாம். போகிறவர்கள் அகழ் விளிம்பைத் தாண்டி வரப்பில் கால் வைக்காதீர்கள். ஒரு மழைக்குள் அது சரியும். மேற்கு முற்றத்தோடு திரும்பிவிடாமல், சாலைக்கு அப்பால் இருக்கும் தைசாகி வெளிமுற்றத்துக்கும் நடந்து போங்கள். போருக்கு முன் முடிக்க முடியாமல் நின்ற பகுதி அதுதான். பாதியில் விட்ட வேலையை அங்கே கண்ணால் பார்க்கலாம்.